பின்னங்கால் ராஜபாய்

ராஜபாய் பத்துப் பன்னிரண்டு வருஷமாக ஒரு யானையின் பின்பாதி. யாராவது என்ன வேலை என்று கேட்டால் அவளே அப்படித்தான் சொல்வாள். முன்பாதி அவளுடைய வீட்டுக்காரர் ஷாஜன். கிரேட் ஞானையன் சர்க்கஸில் சின்ன எஸ்தர் என்ற துணி யானை ஆட்டவட்டத்துக்குள் வந்து நடந்து, உட்கார்ந்து, தும்பிக்கையைத் தூக்கிக் கும்பிடும். அப்போது குனிந்தபடி ஷாஜனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறவள் அவள்தான். வாலும் அவள் பொறுப்பு. உள்ளே தொங்குகிற நூலை இழுத்தால் வெளியே வால் ஆடும். "ஆனைக்க மூளை முன்னால இருக்கு, வேலை பூரா பின்னாலல்லா இருக்கு" என்பது அவளுடைய கட்சி.

துணி யானைக்கு முன்னால் நிஜ யானை இருந்தது. நிஜ யானைக்கு முன்னால் ஒரு கம்பம் இருந்தது. கம்பத்திலிருந்து சொன்னால்தான் இந்தக் குடும்பத்தின் கால் ஏன் ஓர் ஊரிலும் தரிக்கவில்லை என்பது விளங்கும்.

ஷாஜனின் பாட்டா ஞானையன் அருமனையில் தென்னை ஏறிக்கொண்டிருந்தவர். ஒரு தடவை மார்த்தாண்டத்துக்கு மலையாளத்து சர்க்கஸ் ஒன்று வந்தபோது, கூடாரக் கம்பத்தின் உச்சியில் கயிறு சிக்கிக்கொண்டது. அந்தரத்தில் பறக்கிற ஆட்கள் அங்கே வரிசையாக நின்றார்கள். ஆனால் எல்லாருக்கும் கயிற்றைப் பிடித்து ஏறித்தான் பழக்கம். கயிறே மேலே மாட்டிக்கொண்டால் அவர்களும் நம்மைப் போலத்தான். வேடிக்கை பார்க்க வந்த ஞானையன் காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிச் சிக்கை எடுத்துவிட்டார். அதோடு இறங்கியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். உச்சிக்குப் போனவர் பழக்க தோஷத்தில் தேங்காயைத் தேடினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, கையைத் தட்டியது. அத்தனை வருஷமாக மரம் ஏறியவருக்கு அதுவரை ஒருத்தரும் கை தட்டியதில்லை. இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் சர்க்கஸ் லாரியில் ஏறிவிட்டார்.

திரும்பி வந்தபோது அவருக்கென்று ஒரு சின்னக் கூடாரம் இருந்தது. கூடவே, மலையாளம் மட்டுமே தெரிந்த பாருக்குட்டி என்ற பெண் யானையும் இருந்தது. ஞானையன் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவறாத மனுஷன். யானைக்கும் ஞானஸ்நானம் கொடுக்க முடியுமா என்று போதகரிடம் போய்க் கேட்டார். போதகர் யானையை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். "பேரை மட்டும் மாத்திக்கிடும், போதும்" என்றார். அப்படித்தான் அது எஸ்தர் ஆனது. பேர் மாறினாலும் பாஷை மாறவில்லை. 'நட ஆனே' என்றால் நடக்கும், 'இரி ஆனே' என்றால் உட்காரும், 'வலத்தானே' என்றால் வலப்பக்கம் திரும்பும். தமிழில் என்ன சொன்னாலும் காதை ஆட்டிவிட்டு நின்றுவிடும்.

ஞானையனின் மகனும் ஷாஜனின் அப்பாவுமான நேசையன் அதே எஸ்தரின் பிடரியில் நின்றுகொண்டு கிளாரினெட் வாசித்தார். அப்பாவும் மகனுமாக யானையின் தலைப்பக்கத்திலேயே காலம் கழித்ததில் குடும்பத்துக்குள் ஒரு சட்டம் தானாக முளைத்தது. எஸ்தரின் தலையைத் தொடுகிறவர்கள் ஞானையன் ரத்தமாக இருக்கவேண்டும். கல்யாணம் கட்டி உள்ளே வந்தவர்களுக்கு வால் பக்கம். சாணிப் பிண்டம் அள்ளுவதிலிருந்து கழுவிவிடுவது வரை வால் பக்கத்தில் வேலைக்கு ஒரு குறைவும் இல்லை.

ராஜபாய் அப்படிக் கட்டி வந்தவள்தான். பூதப்பாண்டியில் ஒரு கம்பவுண்டரின் மகள். கும்பப்பூ அறுப்பு முடிந்த வயலில் கூடாரம் போட்டிருந்தார்கள். முதல் நாள் வீட்டாரோடு போனாள், மறுநாள் தோழிகளோடு போனாள், அடுத்த நாள் தையல் கிளாசுக்கு என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். ஷாஜன் அப்போது அந்தரத்தில் பார் ஆடிக்கொண்டிருந்தார். முழங்காலில் தலைகீழாகத் தொங்கியபடி இவளைப் பார்த்துச் சிரித்தார். தலைகீழாகத் தொங்குகிறவனின் முகம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று ஒரு தீர்மானத்துக்கு வரவே முடியாது. நேராக்கிப் பார்த்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் கட்டிக்கொண்டாள். பூதப்பாண்டிச் சொந்தக்காரர்களுக்கு மாதக்கணக்கில் அதையே பேசி வாய் வலித்தது.

பிறகு சர்க்கஸில் யானை கூடாது என்று உத்தரவு வந்தது. வயசான எஸ்தரை லாரியில் ஏற்றி யானைகள் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். நேசையன் அந்த லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரிலேயே களியக்காவிளை தாண்டிப் போய்விட்டு, அழுது வீங்கிய கண்ணோடு திரும்பினார். அடுத்த ஊரில் கூடாரம் போட்டதும் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "ஆனை எங்க?" அதற்குப் பதில் சொல்ல முடியாமல்தான் சின்ன எஸ்தரைச் செய்தார்கள். சாம்பல் நிறத் தார்ப்பாயில் உடம்பு, பிரம்பையும் காகிதக் கூழையும் வைத்துத் தலை. சட்டம் மட்டும் மாறவில்லை. காகிதக் கூழுக்கு ஏது ரத்தம் என்று யாரும் கேட்கவில்லை. தலைக்குள் ஷாஜன் போனார், காலுக்குள் ராஜபாய் போனாள். உள்ளே ஷாஜன் அதே 'நட ஆனே', 'இரி ஆனே' சொல்வார், அவள் அதற்குத் தகுந்தபடி நடப்பாள், உட்காருவாள். ஆட்டம் முடிந்ததும் ஷாஜன்தான் தலையைக் கழற்றுவார், கிழிசல் இருந்தால் தைப்பார், பெட்டியில் வைத்துப் பூட்டுவார். வேறு யாரும் அந்தப் பக்கம் போனதில்லை.

யானைக்குள் எப்படி இருக்கும் என்று பலர் ராஜபாயிடம் கேட்பதுண்டு. "அடுப்படியில விளக்கை அணைச்சிட்டு, ஒருத்தருக்க முதுகுல மூக்கை வச்சிட்டு நின்னா எப்பிடி இருக்கும்? அப்பிடித்தான்" என்பாள். ஆனால் அங்கே ஒரு சுகமும் இருந்தது. முன்னாலிருந்து ஷாஜன் தாழ்ந்த குரலில் வெளியே நடப்பதையெல்லாம் சொல்லிக்கொண்டே வருவார்.

"ஏட்டி, முன் வரிசையில ஒரு பாட்டா. சிரிச்ச சிரிப்புல பல்லு செட்டு மடியில விழுந்துபோச்சு."

"எடுத்தாவளா?"

"எடுத்தாச்சு, எடுத்தாச்சு. ஆனா பக்கத்துல இருந்தவருக்க கையில குடுத்திட்டு அவரு பாட்டுக்குக் கை தட்டுதாரு."

தேங்காப்பட்டணத்தில் ஒரு பீவி எழுந்து நின்று யானைக்கு சலாம் சொன்னாராம். குலசேகரத்தில் ஒரு குட்டிப் பிள்ளை தன் ஐஸ்கிரீமைத் தும்பிக்கைக்கு நீட்டியதாம்; அதன் அக்கா அதைப் பிடுங்கித் தின்றுவிட்டாளாம். ராஜபாய் இருட்டில் குனிந்து நின்றபடி குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். யானையின் பின்பாதி சிரிப்பதைப் பார்த்துக் கூட்டம் இன்னும் சிரிக்கும். ஆட்டம் முடிந்து துணி துவைக்கும்போதும் அவளுக்கு அந்த ஆட்கள் நினைவாகவே இருக்கும். அந்த அக்காளுக்கு அடி விழுந்ததா, பீவிக்குக் கூட வந்தது யார் என்று விசாரிப்பாள். ஷாஜனும் சலிக்காமல் சொல்வார். மகள் ரெனிஷா அந்தரத்தில் கயிறு ஆடுகிறவள். மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறவள். "இன்னைக்கு ஆளே இல்லியேம்மா" என்று சில நாள் சொல்வாள். ராஜபாய் அதை எடுத்துக்கொள்ளமாட்டாள். "நீ தலைகீழா நின்னு பாத்திருப்ப. அப்பா நேர நின்னு பாத்தவரு."

பின்னங்காலாகவே இருந்து பழகியதில் சில சங்கடங்களும் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்துக்காகக் கோயிலில் வரிசையாக நின்றார்கள். ராஜபாய்க்கு முன்னால் சபைச் செயலாளரின் மனைவி. அந்த நேரம் பார்த்து வெளியே ரோட்டில் மரத்தடி இழுக்கிற யானை ஒன்று போனது. பாகன் உரக்க "நட ஆனே" என்றான். ராஜபாய் சட்டென்று குனிந்து செயலாளரின் மனைவி இடுப்பை இரண்டு கையாலும் பிடித்து முகத்தை அவர் முதுகில் வைத்துவிட்டாள். அந்த அம்மாள் போட்ட கூப்பாட்டில் பாட்டுக்குழு பாட்டை நிறுத்தியது. "ஒண்ணுல்ல, ஒண்ணுல்ல, சர்க்கஸ்காரி" என்று பின்னாலிருந்து யாரோ சமாதானம் சொன்னார்கள். ராஜபாய்க்கு அன்றைக்கு அழுகை வந்தது. தன் உடம்பு இன்னொருத்தர் சொல்லுக்கு இவ்வளவு அடிமையாகிவிட்டதே என்று இருந்தது. அன்றைக்குத்தான் அந்த ஆசை மனசுக்குள் நுழைந்தது. ஒரே ஒரு நாள் முன்னால் நிற்கவேண்டும். அந்தப் பாட்டாக்களையும் பீவிகளையும் பிள்ளைகளையும் தன் கண்ணால் பார்க்கவேண்டும்.

போன கார்த்திகையில் அதற்கு வழி பிறந்தது. ஷாஜனின் கழுத்து தேய்ந்துவிட்டது, இனி தலையில் சுமை வைக்கக்கூடாது என்று மார்த்தாண்டத்தில் டாக்டர் சொல்லிவிட்டார். குனிவதற்குத் தடையில்லை. ராஜபாய் ஆஸ்பத்திரி வாசலிலேயே பேச்சை எடுத்தாள்.

"அப்ப நான் தலை, நீங்க காலு."

ஷாஜனுக்கு முகம் வெளுத்துப்போனது. "அது எப்பிடிட்டி? ஞானையன் ரத்தம்லா போவணும்? ரெனிஷா இருக்கா."

ரெனிஷாவைக் கேட்டார்கள். "பார்லர்ல போயி இப்பத்தான் முடி நேராக்கிட்டு வந்திருக்கேன். அந்தச் சட்டிக்குள்ள தலைய விடுவேனா? அம்மா ஆசைப்படுதால்லா, குடுங்கப்பா" என்றாள் அவள்.

ஷாஜன் விடவில்லை. தலை கனம் என்றார். உள்ளே வெக்கை என்றார். மூச்சு முட்டும் என்றார். கடைசியில், உள்ளே ஒரு பல்லி குடியிருக்கிறது என்றார்.

"பல்லிகிட்ட நான் பேசிக்கிடுதேன்" என்றாள் ராஜபாய். "கட்டி வந்தவன்னுதானே இப்பிடிப் பேசுதிய? இத்தன வருஷமா நான் பாத்தது ஒங்க இடுப்பு ஒண்ணுதான். ஒங்க இடுப்புல என்ன எழுதியா வச்சிருக்கு? தலைய நீங்களே வச்சிக்கிடுங்க. காலுக்கு வேற ஆளைப் பாருங்க."

சொன்னபடி யானையை விட்டு வெளியே வந்து டிக்கெட் கொடுக்க உட்கார்ந்துவிட்டாள்.

ஷாஜன் வீம்பாகக் கழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டு அதன்மேல் யானைத் தலையை மாட்டினார். காலுக்குத் தம்பி பிரைட்டனைக் கூப்பிட்டார். பிரைட்டன்தான் மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவன். வயிறு பெருத்த ஆள். யாராவது இடுப்பைத் தொட்டாலோ, தான் யார் இடுப்பையாவது தொட்டாலோ கூச்சம் தாங்கமாட்டான். சிரித்துக்கொண்டே யானைக்குள் நுழைந்தான். சட்டையில் குத்தியிருந்த சின்ன மைக்கை எடுக்க மறந்துவிட்டான்.

ஆட்டவட்டத்தின் நடுவில் ஷாஜன் மெதுவாக "வலத்தானே" என்றார். கூடாரம் முழுக்கக் கேட்டது.

"அண்ணே, இது எந்த வலது?"

"ஆனைக்க வலதுலே!"

"ஆனை எங்கண்ணே பாக்குது?"

"எனக்கு எப்பிடிலே தெரியும்!"

யானை தனக்குத்தானே சண்டை போடுவதைக் கேட்டு ஜனம் பெஞ்சில் புரண்டது. முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி வேறு பக்கமும் இழுத்ததில் தார்ப்பாய் நடுவில் பிரிந்து பிரைட்டனின் வயிறு வெளியே வந்தது. டிக்கெட் மேஜையிலிருந்து ராஜபாய் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஷாஜனின் கழுத்து மட்டும் இடப்பக்கமாகத் திரும்பி அப்படியே நின்றுவிட்டது. இரண்டு நாள் அவர் யாரைப் பார்க்க வேண்டுமென்றாலும் முழு உடம்பையும் திருப்ப வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் முழு உடம்பையும் அவள் பக்கம் திருப்பி, "சரி, நீயே வச்சுக்க" என்றார்.

கிறிஸ்மஸ் வாரம். கூடாரம் சொந்த ஊரான அருமனையிலேயே, ரப்பர் தோட்டத்தை ஒட்டிய மைதானத்தில். மத்தியான ஆட்டம். ராஜபாய் குளித்து, பவுடர் போட்டு, பொட்டுத் தங்கம் இல்லாத கழுத்தில் ஒரு பாசிமாலையையும் போட்டுக்கொண்டாள். யானைத் தலைக்குள் போகிறவளுக்கு எதற்குப் பவுடர் என்று ரெனிஷா கேட்டாள். "நான் அவ்வளவு பேரையும் பாக்கப் போறேன்ல்லா" என்றாள் ராஜபாய். பதில் பொருந்தவில்லைதான். சந்தோஷத்தில் இருக்கிறவர்களிடம் பொருத்தம் பார்க்கக்கூடாது.

திரைக்குப் பின்னால் ஷாஜன் பெட்டியைத் திறந்து தலையை எடுத்தார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொடுக்காமல் நின்றார்.

"உள்ள போயிட்டுக் கோவப்படாத என்னா?"

"நான் எதுக்குக் கோவப்படுதேன்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் பிரைட்டன் மைக்கில் "அடுத்து வருவது, நம் அன்புக்குரிய சின்ன எஸ்தர்" என்று கூவிவிட்டான். ராஜபாய் தலையை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

முதலில் ஷாஜனின் தலை எண்ணெய் வாசம். பிறகு இருட்டு. கண் இருக்கும் இடத்தைத் தேடினாள். கண்கள் வெளியே வரைந்த வெறும் பெயின்ட். சரி, பார்ப்பது வாய் வழியாக இருக்கும் என்று முகத்தை இறக்கினாள். வாயில் ஒரு காலத்தில் வலை இருந்திருக்கிறது. அதன்மேல் கெட்டித் துணி வைத்து அடைத்துத் தைத்திருந்தது. துழாவிப் பார்த்தாள், ஓர் ஓட்டைகூட இல்லை. தாடைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் வந்தது. அதில் கொஞ்சம் மணலும் அவளுடைய கால் விரல்களும் தெரிந்தன.

தையலை விரலால் தடவினாள். கோணல் மாணலான தையல், பார்த்தவுடனே யாருடைய கை என்று தெரிகிற தையல். தைத்தது மீன் வலை பின்னுகிற நைலான் நூலில். இனயத்தில் கூடாரம் போட்டபோது ஷாஜன் அந்த நூலைக் கடற்கரையில் யாரிடமோ கேட்டு வாங்கி வந்தது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவருடைய ஒரு கண் வீங்கியிருந்தது. தூசி விழுந்தது என்றார். எவனோ வாய் வழியாகக் குச்சியை விட்டுக் குத்தியிருக்கிறான். அது துணி யானை வந்த முதல் வருஷம். அன்றிலிருந்து ஷாஜனும் இந்த மணலைத்தான் பார்த்திருக்கிறார். மணலைப் பார்த்து, ஆட்டவட்டத்தின் சிவப்பு விளிம்பைப் பார்த்து, திரும்பியிருக்கிறார்.

அப்படியென்றால் அந்தப் பாட்டா? பல் செட்? சலாம் சொன்ன பீவி? ஐஸ்கிரீம் தின்ற அக்கா? ஒருத்தரும் இல்லை. இத்தனை வருஷம் அவள் துணி துவைக்கையில் விசாரித்துக்கொண்டிருந்த ஊர் முழுக்க அந்த மனுஷனின் வாயில் பிறந்தது.

ராஜபாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கள்ளன். தலையைக் கழற்றி அவர் தலையிலேயே போடலாமா என்று இருந்தது. பேண்டு அடிக்கத் தொடங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் "நட ஆனே" என்றாள். பின்னாலிருந்து இரண்டு கைகள் அவள் இடுப்பைப் பிடித்தன. பிடித்த பிடியில் ஒரு பயம் இருந்தது. யானை நடந்தது.

நடக்க நடக்க அவளுக்குக் குளச்சலில் ஒரு நாள் நினைவு வந்தது. நல்ல மழை. அவளுக்குக் காய்ச்சல். ஆட்டம் முடிந்ததும் ரெனிஷா, கூடாரத்தில் ஒரு கைக்குள் அடங்குகிற ஆட்கள்தான் இருந்தார்கள் என்று சொல்லி அழுதாள். அன்றைக்குத்தான் ஷாஜன் யானைக்குள் அதிகமாகப் பேசினார். ஒரு கல்யாண வீட்டுக் கூட்டமே வந்திருக்கிறது, மாப்பிள்ளை சிரிக்கிறார், பெண் வெட்கப்படுகிறாள் என்று மூச்சு விடாமல் சொன்னார். காய்ச்சலை மறந்து அவள் வாலை ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். யாருக்காக அந்தக் கல்யாணத்தைக் கூட்டினார் என்பது இப்போதுதான் விளங்கியது. கோபம் எங்கே போனது என்று தேடினாள், காணவில்லை.

பின்னாலிருந்து தாழ்ந்த குரல் வந்தது. "ஏட்டி... என்னத்தயாவது தெரியுதா?"

ஏச்சு வாங்கத் தயாராக நிற்கிறவனின் குரல் அது. ராஜபாய் மணலைப் பார்த்தாள். யாரோ மென்று துப்பிய மிட்டாய்க் காகிதம் ஒன்று கிடந்தது.

"தெரியுதே" என்றாள். "நெறைய ஆளு. நிக்கக்கூட எடமில்ல."

அவள் இன்னும் இரண்டு அடி நடந்தாள்.

"ஒரு பொம்பள இருக்கா. மடியில ஒரு பிள்ள. பிள்ள கண்ணு எடுக்காம ஒங்களையே பாக்குது."

"என்னையா? நான் வெளிய தெரியல்லியே."

"ஒங்களத்தான். அந்தப் பிள்ள மட்டுமில்ல, எல்லாரும் பின்னாலதான் பாக்காவ. எனக்க பக்கம் ஒருத்தரும் பாக்கல்ல."

இடுப்பிலிருந்த கைகளில் ஒன்று எடுபட்டது. வால் ஆடத் தொடங்கியிருக்கவேண்டும். நூல் அறுந்துவிடும் போல அவர் இழுக்கிற இழுப்பில் யானை முழுக்கக் குலுங்கியது. கூடாரத்தில் சிரிப்பு வெடித்தது. பிள்ளைகள் வீச்சு வீச்சென்று கத்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் யாரோ ஒருத்தர் மற்றவர்கள் நிறுத்திய பிறகும் நிறுத்த முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"யாருட்டி அது, இப்பிடிச் சிரிக்குதது?" என்று கேட்டார் ஷாஜன்.

ராஜபாய் மணலைப் பார்த்தபடியே சொல்லத் தொடங்கினாள்.